உலாவி விதிகளும் விளம்பரத் தடுப்பும்

தோற்றுவாய்

கற்றார் கல்லார் என்னும் வேறுபாடின்றி யாவரும் இணையத்தின் துணையை நாடி நிற்கும் காலம் இது. பரீட்சைக்குப் பணம் செலுத்தவும், ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கவும், புகைவண்டியில் இடம் குறித்துக்கொள்ளவும், பழைய நூல்களைத் தேடிப் படிக்கவும் நாம் அதன் வாயிலிற் சென்று நிற்கின்றோம். அவ்வாயிலைக் காப்பவர் யார், அவர் யாருடைய ஏவலைக் கேட்டுக் காக்கின்றார் என்பனவற்றை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடந்த கோடை விடுமுறையில் அண்ணாமலை நகரிலுள்ள நம் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அண்டையில் வாழும் நம் அத்தையார், தம் கணவர் மறைந்தபின் பெற்றுவரும் குடும்ப ஓய்வூதியத்தின் பொருட்டுப் படிவம் ஒன்றைக் கணினியில் தேடினார். தேடிய சொற்களுக்கு விடையாக முதற்கண் தோன்றியது, அரசாங்கப் பக்கம் போலவே கோலம் பூண்டதொரு விளம்பரம். அவர் அதனை அழுத்தினார். கேட்ட விவரங்களையெல்லாம் கொடுத்தார். இலவசமாகக் கிடைக்க வேண்டிய படிவத்திற்கு 350 ரூபாயும் செலுத்தினார். படிவம் வந்தபாடில்லை. "தம்பி, கடை என்றால் கடைக்காரன் முகத்தையாவது பார்க்கலாம். இதிலே எது அரசாங்கம், எது வியாபாரம் என்று நான் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?" என்று அவர் வினவினார். நமக்கு உடனே விடை தோன்றவில்லை.

இத்தகைய ஏமாற்று நம் தெருவிற்கு மட்டும் உரியதன்று. தேடுபொறிகளில் தோன்றும் போலி விளம்பரங்களால் மக்கள் பணமிழப்பதைக் கண்ட அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையினர், 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தனர். அதில் அவர்கள் கூறிய பரிகாரங்களுள் ஒன்று, தேடும்போது விளம்பரத் தடுப்பியைப் பயன்படுத்துக என்பது. அத்தையாரின் கணினியிலும் அத்தகைய தடுப்பி ஒன்றை அமைத்துத் தரலாம் என்று கருதினோம். எதனை அமைப்பது என்று ஆராயப் புகுந்தபோதுதான், அத்தடுப்பிகளைப் பற்றிப் பல்லாண்டுகளாக ஒரு பெரும் வாதம் நடந்துவருவதை அறிந்தோம். அறிந்தவற்றை ஈண்டு முறைப்படுத்திக் கூறுகின்றோம்.

உலாவியும் நீட்சியும்

இணையப் பக்கங்களை நம் கண்முன் கொணர்ந்து காட்டும் கருவி உலாவி எனப்படும். குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் முதலியன உலாவிகள். உலாவி செய்யாத ஒரு தொழிலைச் செய்தற்பொருட்டு, அதனோடு பிறர் இணைத்துக்கொள்ளும் சிறு நிரலே நீட்சி. சொற்பிழை திருத்தும் நீட்சிகளும், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் நீட்சிகளும் உள. விளம்பரத் தடுப்பியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

ஒரு செய்தித்தாளின் பக்கத்தை நாம் திறக்கும்போது, செய்தியாகிய எழுத்து மட்டும் வருவதில்லை. படங்களுக்கும், எழுத்துருக்களுக்கும், விளம்பரங்களுக்கும், நம்மைப் பின்தொடர்ந்து குறிப்பெடுக்கும் வேவுநிரல்களுக்கும் தனித்தனியே வேண்டுகோள்கள் செல்கின்றன. ஒரே பக்கத்திற்கு இவை நூற்றுக்கணக்கில் அமைதலும் உண்டு. இவ்வேண்டுகோள்களுள் விளம்பரத்திற்கும் வேவுக்கும் உரியவை எவை என்று கண்டு, அவற்றைப் புறப்படும் இடத்திலேயே நிறுத்துவது தடுப்பியின் தொழில். கண்டறிதற்குத் துணையாவது, உலகெங்குமுள்ள தன்னார்வலர் பலர் நாள்தோறும் திருத்திவரும் வடிகட்டிப் பட்டியல். ஈசிலிஸ்ட் என்பது அவற்றுட் பலரும் அறிந்ததொன்று. அதில் அடங்கிய விதிகள் பல பதினாயிரமாகும்.

தடுப்பி தன் தொழிலைச் செய்தற்கு உலாவி இடங்கொடுக்க வேண்டும். எந்த அளவிற்கு இடங்கொடுப்பது என்பதை உலாவியை இயற்றியோரே விதியாக வகுக்கின்றனர். நீட்சியைப் பெறுதற்குரிய அங்காடியையும் அவரே நடத்துகின்றனர். விண்டோஸ் கணினிகளிலுள்ள குரோமில், கூகிளின் அங்காடி வழியாக வந்த நீட்சிகளே பொதுமக்களுக்குச் செல்லும் என்னும் விதி 2014-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டாகிய 2013-இல், பிற செயலிகளின் விளம்பரங்களைத் தடுக்கும் செயலிகள் ஆண்டிராய்டு அங்காடியிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே, வாயிலும் அங்காடியும் ஒருவர் கையில் இருத்தலின் விளைவு புதியதொன்றன்று.

விதி மாறிய வரலாறு

குரோம் உலாவியைக் கூகிள் நிறுவனம் 2008 செப்டம்பரில் வெளியிட்டது. அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியோருள் ஒருவர், மதுரையிற் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. அவர் 2015-இல் அந்நிறுவனத்தின் தலைமைச் செயலதிகாரியானார். இன்று உலகில் இணையத்தை நாடுவோருள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் குரோமையே கையாள்கின்றனர். இதனால், குரோமின் விதி அவ்வொரு நிறுவனத்தின் உள்விதியாக நில்லாது, உலகத்தின் பொதுவிதிபோல ஆகிவிடுகின்றது.

ஒவ்வொரு நீட்சியும் தன் பெயர், தான் கேட்கும் உரிமைகள் முதலியவற்றை எழுதி வைத்திருக்கும் அறிவிப்புத்தாளுக்கு மேனிஃபெஸ்ட் என்று பெயர். அத்தாளின் பதிப்பு மாறும்போது நீட்சிகளுக்குரிய விதிகளும் மாறுகின்றன. இரண்டாம் பதிப்பின் விதிப்படி, உலாவியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு வேண்டுகோளையும் நீட்சி இடைநிறுத்திப் பார்த்து, 'போகலாம்' என்றோ 'நிற்க' என்றோ தானே ஆணையிடலாம். 2018-ஆம் ஆண்டின் இறுதியில் கூகிள் மூன்றாம் பதிப்பின் வரைவை வெளியிட்டது. அதன்படி, இடைநிறுத்தி ஆணையிடும் உரிமை பொதுவான நீட்சிகளுக்கு இல்லை. எவற்றைத் தடுக்க வேண்டும் என்னும் பட்டியலை நீட்சி முன்னரே எழுதி உலாவியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வேண்டுகோள் எழும்போது பட்டியலைப் பார்த்து முடிவு செய்வது உலாவியே.

இவ்வேற்றுமையை ஓர் உவமையால் விளக்குவாம். நாம் ஒரு வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கின்றோம். வாயிலில் நம் ஏவலன் ஒருவன் நின்று, வருவோர் ஒவ்வொருவரையும் நோக்கி, முகமும் மொழியும் கண்டு, உள்ளே விடுவதோ தடுப்பதோ செய்கின்றான். இது பழைய முறை. இனி, நம் ஏவலன் வாயிலில் நிற்றல் கூடாது. தடுக்கப்பட வேண்டியவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால், வீட்டுக்காரரின் காவற்காரன் அதனைப் பார்த்துத் தடுப்பான் என்பது புதிய முறை. பெயர் எழுதப்பட்டவனை அவன் தவறாது தடுப்பான். ஆயின், வேடம் மாறி வருபவனையும், நேற்றில்லாது இன்று புதிதாய் வந்தவனையும் பட்டியல் அறியாது. அன்றியும், பட்டியலில் எத்துணைப் பெயர்கள் இருக்கலாம் என்பதையும் வீட்டுக்காரரே வரையறுக்கின்றார்.

அவ்வரையறை முதல் வரைவில் 30,000 விதிகள் என இருந்தது. யூபிளாக் ஒரிஜின் என்னும் தடுப்பியை இயற்றிய ரேமண்ட் ஹில், இவ்வளவு பெரும்பாலான பட்டியல்களுக்கே போதாது என்றும், இம்முறையில் தம் தடுப்பி இயங்கல் இயலாது என்றும் 2019 ஜனவரியில் எடுத்துரைத்தார். எதிர்ப்பு வலுக்கவே, வரையறை தளர்ந்தது. இறுதியில் ஒவ்வொரு நீட்சிக்கும் 30,000 விதிகள் உறுதி என்றும், அவற்றிற்கு மேல் எல்லா நீட்சிகளும் பகிர்ந்துகொள்ளும் 3,00,000 விதிகள் பொதுவில் உள என்றும் அமைந்தது. ஆகவே, எதிர்ப்பு வீண் போயிற்று என்று கூறுதல் பொருந்தாது.

மூன்றாம் பதிப்பு 2021 ஜனவரியில் குரோமில் இடம்பெற்றது. இரண்டாம் பதிப்பை நீக்கும் நாள் பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. 2024 ஜூனில் முன்னோட்டப் பதிப்புகளிலும், அவ்வாண்டின் அக்டோபர் முதற்கொண்டு பொதுமக்களின் உலாவிகளிலும் பழைய நீட்சிகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. 2025-இன் இடைப்பகுதியில் வெளிவந்த 139-ஆம் பதிப்போடு, நிறுவனங்களுக்கென விடப்பட்டிருந்த விலக்கும் முடிந்தது. மூன்று கோடிக்கு மேற்பட்டோர் குரோமிற் கையாண்டுவந்த யூபிளாக் ஒரிஜின் இவ்வாறு அங்கே வழக்கொழிந்தது.

அதற்கு மாற்றாக அவ்வாசிரியரே, புதிய விதிக்கு உட்பட்ட 'லைட்' என்னும் எளிய தடுப்பியைச் செய்து தந்தார். இதனை எண்ணுந்தோறும் நமக்குச் சிதம்பரத்துப் பழங்கதை ஒன்று நினைவிற்கு வருகின்றது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறை ஒன்றிற் பூட்டிக்கிடந்தன என்றும், பாடிய மூவரும் வந்தாலன்றி அவ்வறை திறக்கப்படாது என்று காப்பாளர் விதி கூறினர் என்றும், அரசர் அம்மூவரின் திருவுருவங்களை ஊர்வலமாகக் கொணர்ந்து நிறுத்தி அவ்விதியை நிறைவு செய்தார் என்றும் கூறுவர். கதவு திறந்தது. ஆயின் ஏடுகளிற் பெரும்பகுதியைக் கறையான் தின்றிருந்தது. எஞ்சியதே நமக்குக் கிடைத்தது. லைட் தடுப்பியும் விதியை மீறாமற் கதவைத் திறந்ததுதான். பெரும்பாலான விளம்பரங்களை அது நன்கு தடுக்கின்றது. ஆயினும், பழைய தடுப்பியில் இருந்த நுண்ணிய வசதிகள் பல அது வெளிவந்தபோது அதில் இல்லை. இத்தளத்தில் இதனை விடுக, அத்தளத்தில் அதனைத் தடுக்க என்று பயனர் தாமே உடனுக்குடன் ஆணையிடும் வசதியும், அயலார் தொகுத்த பட்டியலைத் தாமே இணைத்துக்கொள்ளும் வசதியும் அவ்வாறு விடுபட்டவை.

விதிக்குச் சார்பாகச் சொல்வன

ஒரு பக்கத்தார் கூற்றை மட்டும் கேட்டு முடிவு கட்டுதல் கற்றோர்க்கு அழகன்று. ஆதலின், கூகிள் நிறுவனத்தார் காட்டும் காரணங்களையும் ஆராய்வாம்.

முதலாவது, பாதுகாப்பு. ஒவ்வொரு வேண்டுகோளையும் நிறுத்திப் பார்க்கும் ஏவலன் நல்லவனாக இருந்தால் நன்று. அவனே கள்வனாயின், நாம் செல்லும் இடமும் எழுதும் சொல்லும் அவன் கையிற் சிக்கும். இது வெறும் அச்சமன்று. விளம்பரத் தடுப்பிகள்போல வேடமிட்ட ஐந்து நீட்சிகள் குரோம் அங்காடியில் இருத்தலை 2018 ஏப்ரலில் ஆட்கார்ட் நிறுவனத்தார் வெளிப்படுத்தினர். அவற்றை ஏற்றிருந்தோர் தொகை இரண்டு கோடிக்கும் மேற்பட்டது.

இரண்டாவது, மறைந்து வரும் நிரல். அங்காடியிற் சோதிக்கப்படும்போது நல்லவைபோல் இருந்து, பின்னர் வெளியிலிருந்து வேறு நிரலை வரவழைத்துத் தீங்கு செய்யும் நீட்சிகள் உண்டு. மூன்றாம் பதிப்பு அவ்வாறு வெளியிலிருந்து நிரலை வரவழைத்து இயக்குவதைத் தடை செய்கின்றது. இவ்விதியை எவரும் குறைகூறுதற்கில்லை.

மூன்றாவது, விரைவு. பட்டியலை உலாவியே பார்த்தால் வேலை விரைந்து முடியும்; பின்புலத்தில் எப்பொழுதும் விழித்திருக்கும் நீட்சிகளால் நினைவகம் வீணாகாது என்பர். முன்பட்டியல் முறை கூகிளின் புதுக்கண்டுபிடிப்பும் அன்று. ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன்களில் 2015 முதலே அம்முறையைக் கையாண்டு வருகின்றது. விளம்பரத்தைப் பெரிதும் நம்பி வாழாத நிறுவனமும் இவ்வழியைத் தெரிந்துகொண்டது ஆதலின், இம்முறை தன்னளவில் தீயது என்று கூறல் அறமாகாது.

எதிராகச் சொல்வன

இனி மறுப்பார் கூற்றைக் காண்பாம். புதிய விதி நீக்கியது இடைநிறுத்தித் தடுக்கும் உரிமையைத்தான். வேண்டுகோள்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் உரிமையை அது நீக்கவில்லை. பயனர் இசைவு தந்தால், ஒரு நீட்சி இன்றும் அவற்றை நோக்கிக் குறித்துக்கொள்ளலாம். தீய ஏவலன் செய்யும் தீங்கு பெரும்பாலும் பார்த்துச் சொல்லுதலே. நல்ல ஏவலன் செய்யும் நன்மையோ தடுத்தல். பார்ப்பதை விட்டுவைத்துத் தடுப்பதை நீக்கினால், கள்வனைக் காட்டிலும் காவலனே கை கட்டப்படுகின்றான். மறுப்பார் வாதங்களுள் நமக்கு வலியதாகத் தோன்றுவது இதுவே.

விரைவைப் பற்றிய வாதத்திற்கும் மறுப்பு உண்டு. சிறந்த தடுப்பிகள் ஒரு வேண்டுகோளை முடிவு செய்ய ஒரு மில்லிநொடியும் எடுப்பதில்லை என்று கோஸ்டரி நிறுவனத்தார் 2019-இல் அளந்து காட்டினர். அவர்களும் தடுப்பி செய்வோரே ஆதலின், அச்சான்றையும் அந்நினைவோடே கொள்ளல் வேண்டும். எனினும், வாராது நிறுத்தப்பட்ட விளம்பரத்தால் மிஞ்சும் காலம் இம்மில்லிநொடியினும் பெரிது என்பது, குறைந்த விலைத் தரவுக் கட்டணத்தில் நாளை ஓட்டும் நம் விடுதி மாணவர் அனைவரும் கண்டறிந்ததொன்று.

இவற்றினும் பெரிய வினா ஒன்று உளது. கூகிளின் தாய் நிறுவனமாகிய ஆல்ஃபபெட்டின் வருவாயில் நான்கில் மூன்று பங்கு விளம்பரத்தால் வருவது. விளம்பரத்தை விற்பவரும், விளம்பரத்தைத் தடுக்கும் கருவிக்கு எல்லை வகுப்பவரும் ஒருவரே. நம் உவமையின்படி, வாயிற் காவற்காரனை அமர்த்திய வீட்டுக்காரரே, வாயிலில் வந்து கூவும் வணிகரிடம் கூலி பெறுபவராகவும் இருக்கின்றார். அவர் நேர்மையாளராகவே இருக்கலாம். அவர் காட்டும் காரணங்கள் உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், தமக்கு ஊதியமுள்ள வழக்கில் தாமே நடுவராக அமர்தல் முறையன்று என்பது உலகம் ஒப்பிய நெறி. காரணம் நல்லதாயினும், ஐயம் எழாமல் இராது.

இவ்வையம் மன்றங்களிலும் எழுந்துள்ளது. தேடற்றுறையில் கூகிள் சட்டத்திற்கு மாறாக முற்றுரிமையைக் காத்துவந்தது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இணைய விளம்பரத் தொழில்நுட்பத்தின் சில பகுதிகளைப் பற்றி வேறொரு நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அவ்வாறே தீர்ப்பளித்தது. குரோமை விற்றுவிடும்படி ஆணையிட வேண்டும் என்று அரசாங்கத்தார் கேட்டதை, முதல் வழக்கை விசாரித்த நீதிபதி 2025 செப்டம்பரில் ஏற்கவில்லை. இவ்வழக்குகள் நீட்சி விதியைப் பற்றியன அல்ல. எனினும், வாயிலும் வணிகமும் ஒருவர் கையிற் சேர்வது பற்றிய கவலை விளம்பரத் தடுப்பாரோடு நில்லாது என்பதை இவை காட்டும்.

எழுதுவோர் பிழைப்பு

இவ்விடத்தில் மற்றொரு வழக்கையும் மறத்தல் ஆகாது. செய்தி எழுதுவோரும், பாடம் கற்பிப்போரும், கதை புனைவோரும் இணையத்தில் இலவசமாகத் தருவனவற்றிற்குக் கூலி எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் விளம்பரத்திலிருந்தே. யாவரும் தடுத்துவிட்டால் அவர்கள் அடுப்பில் நெருப்பு எரிவது எங்ஙனம்? தடுத்தலே குற்றம் என்று ஜெர்மனியில் ஒரு பெரிய பதிப்பக நிறுவனம் வழக்காடியது. அந்நாட்டின் உச்சநிலை நீதிமன்றம் 2018 ஏப்ரலில், வணிகப் போட்டிச் சட்டத்தின்படி தடுப்பி குற்றமன்று என்று கூறிற்று. சட்டம் அவ்வாறு கூறினும், கூலியைப் பற்றிய கேள்வி தீர்ந்துவிடவில்லை.

நாம் கருதுவது இது. இம்மலரின் கடைசித் தாள்களைப் புரட்டுக. புத்தகசாலையும் துணிக்கடையும் தந்த விளம்பரங்கள் அங்கே இருக்கும். அவை அச்சுக்கூலியில் ஒரு பகுதியைத் தாங்குகின்றன. அவற்றால் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. சிலர் அவற்றை விரும்பியும் படிப்பர். அத்தாள் நாம் யார் என்று நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நாம் அடுத்து எந்நூலை எடுத்தோம் என்று பின்தொடர்ந்து வருவதில்லை. கல்லூரி அலுவலகத்தின் முத்திரையைத் தரித்துக்கொண்டு நம்மை ஏமாற்றுவதுமில்லை. மக்கள் வெறுப்பது விளம்பரத்தையன்று, வேவையும் வேடத்தையுமே. அவ்விரண்டையும் நீக்கிய விளம்பரத்திற்குத் தடுப்பியே வேண்டாம் என்பார் பலர். நம் அத்தையாரும் அவருள் ஒருவர்.

நம் நாட்டு நிலை

நம் நாட்டார் பெரும்பாலோர் இணையத்தைக் காண்பது கணினியில் அன்று, செல்பேசியில். ஆண்டிராய்டு செல்பேசிகளிலுள்ள குரோமில் நீட்சிகளை ஏற்க இடமில்லை. ஆகவே, கணினியுடையார் குறைவாகப் பெற்ற உரிமையைச் செல்பேசியுடையார் முன்னரே பெறாதவராய் இருந்தனர். வாதம் நடக்கும் வீதியிற்கூட நம்மவர் பெரும்பாலோர் இல்லை என்பது எண்ணத்தக்கது. பயர்பாக்ஸ் உலாவி ஆண்டிராய்டிலும் நீட்சிகளை ஏற்கின்றது. 2023 டிசம்பர் முதல் அவ்வாயிலை அகலத் திறந்தும் விட்டது. பழைய இடைநிறுத்தும் உரிமையைத் தான் நீக்கப்போவதில்லை என்று அதனை இயற்றும் மொசில்லா அறிவித்துள்ளது. ஆயின், அம்மொசில்லாவின் வருவாயிற் பெரும்பகுதி, தேடற்பொறி உடன்படிக்கையின்படி கூகிள் தருவதே என்பதையும் மறைத்தலாகாது.

தமிழ்நாட்டிலிருந்தும் ஓர் உலாவி எழுந்துள்ளது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தென்காசியிலும் பணிமனை நடத்தும் ஸோஹோ நிறுவனம், 2023 மே மாதத்தில் உலா என்னும் பெயருடைய உலாவியை வெளியிட்டது. தலைவன் வீதியில் பவனி வருதலைப் பாடும் சிற்றிலக்கியத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. இன்றோ வீதியுலா வருபவர் படிப்பவரே. விளம்பரத்தையும் வேவையும் தடுத்தல் அவ்வுலாவியுடனேயே சேர்ந்து வருகின்றது. இந்திய அரசின் மின்னணுத் துறை 2023-இல் உள்நாட்டு உலாவிக்கென நடத்தத் தொடங்கிய போட்டியில், 2025 மார்ச்சில் உலா முதற்பரிசாகிய ஒரு கோடி ரூபாயைப் பெற்றது. விளம்பரம் விற்றலைத் தொழிலாகக் கொள்ளாத நிறுவனம் ஒன்று வாயிலைக் காத்தால், நாம் மேலே கூறிய ஐயத்திற்கு இடம் குறைவு.

எனினும், ஒன்று கூறுதல் கடன். உலாவும் குரோமியம் என்னும் திறந்த மூலநிரலின்மேற் கட்டப்பட்டதே. எட்ஜ், பிரேவ், ஓபரா முதலியனவும் அவ்வாறே. அம்மூலநிரலை வளர்ப்போருட் பெரும்பாலோர் கூகிளார். அவர் அடித்தளத்தில் ஒரு தூணை எடுத்தால், மேலே குடியிருப்போர் தம் செலவிலேயே அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டியவராவர். பிரேவ் உலாவியார் இரண்டு வழிகளை மேற்கொண்டனர். தடுத்தற்றொழிலை நீட்சியிடம் விடாது உலாவியின் உள்ளேயே அமைத்தனர். உள்ளிருக்கும் காவலனை அங்காடி விதி தீண்டாது. அன்றியும், யூபிளாக் ஒரிஜின் உட்பட நான்கு பழைய நீட்சிகளைத் தம்மால் இயன்றவரை தாங்குவதாகவும் 2024-இல் அறிவித்தனர். இயன்றவரை என்னும் அச்சொல்லே அடித்தளம் பிறர் கையில் இருப்பதை உணர்த்தும். வீட்டிற்கு வேறு பெயர் இடுதல் எளிது. நிலத்தைத் தமதாக்கிக்கொள்ளுதல் அரிது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக் கூறுவாம். விளம்பரத் தடுப்பி புதிய விதியால் இறந்துவிட்டது என்பது மிகை. ஒன்றும் நேரவில்லை என்பது குறை. நாள்தோறும் வரும் விளம்பரங்களைப் புதிய தடுப்பிகள் பெரும்பாலும் தடுக்கின்றன. குறைந்தது, முடிவு செய்யும் உரிமை. முன்னர்ப் படிப்பவர் தெரிந்துகொண்ட ஏவலன் முடிவு செய்தான். இன்று அவன் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து உலாவி முடிவு செய்கின்றது. பாதுகாப்பின் பொருட்டு அவ்வாறு செய்தல் தக்கதே என்று நடுநிலையாளர் பலர் ஒருவேளை கருதலாம். அதனைக் கருதிச் சொல்ல வேண்டியவர், ஊதியம் பெறும் ஒருவரல்லர் என்பதே நம் கொள்கை. இத்தகைய விதிகள் உலாவி செய்வோர், தடுப்பி செய்வோர், எழுதிப் பிழைப்போர், படிப்போர் ஆகிய நால்வரும் கூடி வகுக்கத் தக்கன.

அவ்வாறு கூடும் நாள் வரையில் மாணவராகிய நாம் செய்யத் தக்கன சில உள. உலாவி ஒன்றல்ல, பல உண்டு என்பதை அறிந்திருத்தல் வேண்டும். ஒரு நீட்சியை ஏற்குமுன், அதனை இயற்றியவர் யார், அது எவ்வுரிமைகளைக் கேட்கின்றது என்று படித்துப் பார்த்தல் வேண்டும். ஒத்த பெயருடைய போலிகள் மிகுதி. நாம் நாடோறும் படித்துப் பயன்பெறும் இதழ்களுக்குத் தடுப்பியைத் தளர்த்தியோ, சந்தா செலுத்தியோ உரிய கூலியைக் கொடுத்தல் வேண்டும். கணினி அறிந்தோர், தம் இல்லத்து முதியோரின் கருவியை ஒருமுறையேனும் எடுத்துப் பார்த்துச் செப்பஞ்செய்து கொடுத்தல் வேண்டும்.

விடுமுறை முடிந்து புறப்படுமுன் அத்தையாரின் கணினியில் தடுப்பி ஒன்றை அமைத்துத் தந்தோம். ஓய்வூதியத்திற்குரிய உண்மையான பக்கத்தின் முகவரியைத் தாளில் எழுதி, நாட்காட்டியின் அருகில் ஒட்டியும் வைத்தோம். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, உன் கணினிக் காவற்காரனை யார் எப்போது மாற்றுவார்களோ, எனக்குத் தெரியாது. இந்தத் தாள் மட்டும் கிழியாமல் இருக்கட்டும்" என்றார். அம்மூதாட்டியார் கூறியதில் இக்கட்டுரையின் சாரம் முழுதும் அடங்கியிருத்தலை எண்ணி வியந்தோம். தடுப்பி வரும், போகும், விதி மாறும். எது மெய்ப்பக்கம், எது வேடம் என்று அறியும் அறிவே என்றும் நம்மோடு நிற்கும் காவல். அவ்வறிவை நாம் பெறுவதோடு நில்லாது, பெறாதார்க்கும் கொடுத்தலே கற்றதனாலாய பயன் என்று கூறி அமைகின்றோம்.